டென் மைல் ஜங்ஷன் எல்ஆர்டி ஸ்டேஷன்: யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?

பத்தாங்கட்டை_பேரன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். போன வாரம் மகளோட ஸ்கூல் புராஜெக்டுக்காக வீட்ல பழைய பேப்பரெல்லாம் கிளறிக்கிட்டு இருந்தப்ப 2012 வாக்குல வந்த ஒரு சிங்கப்பூர் ரயில் மேப் கிடைச்சுச்சு, மடிச்ச இடமெல்லாம் வெளுத்துப் போய் கிழிஞ்சிருந்துச்சு. அதுல புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி (ஊருக்குள்ள ஓடுற குட்டி ரயில்) வட்டத்துல இருந்து ஒரு சின்ன கொம்பு மாதிரி தனியா நீட்டிக்கிட்டு நிக்குற புள்ளிய பாத்துட்டு "இது எங்கப்பா இருக்கு, நாம போனதே இல்லையே"ன்னு கேட்டா. ஸ்டேஷன் நம்பர் பிபி14, டென் மைல் ஜங்ஷன். அது மூடுனப்ப அவ சின்னப் புள்ள. நாம போயிருக்கோம்மா, உன்னை தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அந்த பிளாட்ஃபார்ம்ல நின்னிருக்கேன்னு சொன்னேன், நம்பவே இல்ல.

2019 ஜனவரி 13ல இருந்து அந்த ஸ்டேஷன் கிடையாது. சிங்கப்பூர்ல எம்ஆர்டி (பெரிய மெட்ரோ ரயில்), எல்ஆர்டி ரெண்டையும் சேத்து நிரந்தரமா மூடுன முதல் ஸ்டேஷன் அதுதான். ஆனா தமிழ்ல அதப்பத்தி தேடுனா ஒரு பத்தி கூட உருப்படியா இல்ல, அதான் இந்த இழைய ஆரம்பிக்கிறேன். யாருக்கு என்ன தெரியுமோ எழுதுங்க, சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல.

எனக்கு இது வெறும் ரயில் விஷயம் இல்ல. எங்க தாத்தா மலாயா ரயில்வேல கேட் கீப்பர். சுவா சூ காங் ரோட்ட ரயில் குறுக்கால கடக்கும்ல, அந்த கேட்டுலதான் கடைசி வருஷங்கள் வேலை பாத்தாரு. அவரு புக்கிட் பாஞ்சாங்னு ஒரு நாளும் சொன்னதில்ல, எப்பவும் "பத்தாங்கட்டை"தான். கட்டைன்னா மைல் கல்லு. அந்த பேரு ஒரு ஸ்டேஷன் பலகையில இருந்துச்சு, இப்ப இல்ல.

---

ரயில்பிரியன்85 எழுதியது:

நல்ல இழை அண்ணே. எனக்கு தெரிஞ்சத வரிசையா சொல்றேன்.

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டிதான் சிங்கப்பூரோட முதல் எல்ஆர்டி, 1999 நவம்பர் 6 திறந்தாங்க, தீபாவளி சமயம். செங்காங் 2003, பொங்கோல் 2005, அதெல்லாம் அப்புறம் வந்தது. அப்ப மொத்தம் 14 ஸ்டேஷன். சுவா சூ காங்ல எம்ஆர்டிகிட்ட ஆரம்பிச்சு சவுத் வியூ, கியட் ஹோங், டெக் வாய், ஃபீனிக்ஸ் வழியா புக்கிட் பாஞ்சாங் வந்து, அங்கேர்ந்து பெட்டிர், பெண்டிங், பாங்கிட், ஃபஜார், செகார், ஜெலாப்பாங், செஞ்சான்னு ஒரு வட்டம் போட்டு திரும்பி புக்கிட் பாஞ்சாங்குக்கே வரும். 14வதுதான் டென் மைல் ஜங்ஷன், அது மட்டும் இந்த வழியில சேராம தனியா வெளிய இருந்துச்சு.

ஏன் வெளியன்னா அங்கதான் டிப்போ. மத்த லைனுக்கு பெரும்பாலும் டிப்போன்னா ஊருக்கு ஒதுக்குப்புறமா பெரிய மைதானம் மாதிரி இருக்கும், இங்க எடமே இல்ல, ஊரு ஏற்கனவே கட்டி முடிஞ்சிருச்சு. அதனால ஒரே கட்டடத்துக்குள்ளயே டிப்போ, ஸ்டேஷன், ஷாப்பிங் மால் மூணையும் வச்சாங்க. வண்டி ராத்திரி தூங்கப் போற எடத்து வாசல்லயே ஒரு பிளாட்ஃபார்ம் போட்டு ஆளையும் ஏத்தி எறக்கலாம்னு செஞ்ச ஸ்டேஷன் அது. அது எதுக்காக வந்துச்சோ அதுவே பின்னாடி அதுக்கு பலவீனமாவும் ஆயிருச்சு, ஏன்னா வண்டிக்கு வசதியான எடம் ஆளுக்கு வசதியான எடமா இருக்கணும்னு இல்லையே.

அப்ப ஏ, பி, சின்னு மூணு சர்வீஸ். ஏ-யும் பி-யும் சுவா சூ காங் போகும், ஒண்ணு வட்டத்த இப்படி சுத்தும் இன்னொண்ணு அப்படி சுத்தும். டென் மைல் ஜங்ஷனுக்கு சி மட்டும்தான். அங்கேர்ந்து சுவா சூ காங் போகணும்னா நடுவுல எறங்கி வண்டி மாத்தணும். புக்கிட் பாஞ்சாங் ஸ்டேஷனோ நடந்து போற தூரத்துல இருக்கு. அப்புறம் யாரு காத்துக்கிட்டு நிப்பா?

---

செகார்_மீனா எழுதியது:

எங்கம்மா நிப்பாங்க 🙂

நாங்க ஃபஜார் பக்கம் இருந்தோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அந்த மால்ல இருந்த கிளினிக்குக்குத்தான் வாராவாரம் போவோம். வீட்டு லிஃப்ட், எல்ஆர்டி லிஃப்ட், வண்டி, எறங்குனா மாலுக்குள்ளயே இருப்போம். ஒரு ரோடு கூட கடக்க வேணாம், மழையில ஒரு சொட்டு படாது. வாக்கர் வச்சுக்கிட்டு நடக்குறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு கூடவே நடந்தவங்களுக்குத்தான் தெரியும். சி சர்வீஸ் வர நேரமாகும்தான், ஆனா உக்கார எடம் எப்பவும் கிடைக்கும். காலி வண்டியில அம்மா ஜன்னல் ஓரமா உக்காந்து "நமக்காகவே விட்டிருக்கான் பாரு"ம்பாங்க.

2008ல மால் ரெனொவேஷன்னு ஸ்டேஷன ஒரு வருஷம் பூட்டுனப்பவே அவங்களுக்கு மனசு சரியில்ல, திரும்ப திறக்க மாட்டாங்கன்னாங்க. திறந்தாங்க. ரெண்டாவது தடவ பூட்டுனப்பதான் திறக்கல.

---

ரயில்பிரியன்85 எழுதியது:

மீனா அக்கா, அது 2008 இல்ல, 2010 டிசம்பர்ல பூட்டி 2011 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. அந்த ரெனொவேஷன்லதான் மால் பேரு டென் மைல் ஜங்ஷன்லேர்ந்து ஜங்ஷன் 10னு மாறுச்சு, மேல கொண்டோவும் (தனியார் அடுக்குமாடி வீடுங்க) வந்துச்சு, த டென்னரின்னு.

அம்மா பத்தி எழுதுனதுக்கு நன்றி, இந்த மாதிரி ஒண்ணு எந்த ரிப்போர்ட்லயும் வராது.

---

செகார்_மீனா எழுதியது:

ஆமா 2010தான், எனக்கு மகன் பிறந்த வருஷத்த வச்சு கணக்கு போட்டேன் தப்பாயிருச்சு. நன்றி தம்பி.

---

நேர்பேச்சு எழுதியது:

நான் கொஞ்சம் மாத்தி பேசப் போறேன், யாரும் கோச்சுக்காதீங்க. மூடுனது சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

நான் பெட்டிர்ல 20 வருஷமா இருக்கேன். காலைல ஏழே முக்காலுக்கு பிளாட்ஃபார்ம்ல நின்னு பாத்தீங்கன்னா தெரியும், ஒத்த பெட்டி வண்டி வரும், கதவு திறக்கும், உள்ள ஒரு கால் வைக்க எடம் இருக்காது, அடுத்ததும் அப்படியே. அந்த நேரத்துல வட்டத்துல ஓடுற ஒவ்வொரு வண்டியும் கணக்கு. அதுல சில வண்டிய நாலஞ்சு பேரு ஏறுற ஒரு ஸ்டேஷனுக்காக சி-ன்னு ஓட்டிக்கிட்டு இருந்தா நம்ம பசங்க ஸ்கூலுக்கு லேட்டு. அதவிட பெருசு, இந்த லைனு அடிக்கடி பழுதாகி நின்னுச்சு, டிராக்குல பயணிங்க எறங்கி நடந்த படமெல்லாம் எல்லாரும் பாத்ததுதானே. பழைய வண்டி, பழைய சிக்னல் எல்லாத்தையும் மாத்தணும்னு 2018ல 34 கோடியே 40 லட்சம் வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. முதல்ல வந்த 19 வண்டிக்கும் பதிலா புதுசு, 13 வண்டிக்கு மேம்பாடு, புது சிக்னல். அந்த வேலை எல்லாம் அந்த குட்டி டிப்போலதான் நடக்கணும். எடம் வேணும்ல.

மீனா சொன்னது எனக்கு புரியுது, என் மாமியாரும் சக்கர நாற்காலிதான். ஆனா ஒரு லைன் பூரா நிக்காம ஓடணும்கறதும் அதே மாதிரி ஒரு அம்மாவுக்காகத்தான்.

---

மயிலாப்பூர்_கணேஷ் எழுதியது:

சென்னைல இருந்து படிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு சந்தேகம் கேக்கலாமா. எல்ஆர்டி-ன்னா எங்க ஊர் மெட்ரோவ விட சின்னது, அவ்வளவுதானா? டிராம் மாதிரி ரோட்டுல போகுமா?

---

ரயில்பிரியன்85 எழுதியது:

ரோட்டுல போகாது கணேஷ் சார். தூண் மேல கான்கிரீட் பாதை, அதுல ரப்பர் டயர்ல ஓடும், தண்டவாளம் கிடையாது. பாதை நடுவுல ஒரு இரும்பு உத்தரம் மாதிரி போகும், அத புடிச்சுக்கிட்டுதான் வண்டி திரும்பும். கரண்ட்டும் நடுவுல இருக்குற பவர் ரயில்லேர்ந்துதான், 600 வோல்ட் மூணு ஃபேஸ். டிரைவர் இல்ல. பெரிய ஏர்போர்ட்ல ஒரு டெர்மினல்லேர்ந்து இன்னொரு டெர்மினலுக்கு போற வண்டி பாத்திருப்பீங்க, அந்த ரகம்தான். ஏர்போர்ட்ல ரெண்டு மூணு ஸ்டாப்புக்கு சமதரையில ஓடுற வண்டிய, மேடும் பள்ளமும் வளைவுமா இருக்குற ஊர்ல விட்டாங்க. பேரே புக்கிட் பாஞ்சாங், மலாய்ல நீளமான குன்று. முந்தி போக்குவரத்து அமைச்சரா இருந்த கோ பூன் வானே இது கட்டி முடிச்ச ஊருக்குள்ள பின்னாடி யோசிச்சு நுழைச்ச லைன்னு 2017ல வெளிப்படையா சொன்னாரு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஜன்னல். வண்டி அடுக்குமாடி புளோக்குக்கு ரொம்ப பக்கத்துல போகுறப்ப கண்ணாடி தானா வெள்ளையாயிரும், பால் ஊத்துன மாதிரி. நாம நல்லா வெளிய பாத்துக்கிட்டு இருப்போம், நாலாவது மாடி காரிடர்ல மூங்கில் கம்புல துணி காயுது, ஒரு பாட்டி செடிக்கு தண்ணி ஊத்துறாங்க, பட்டுன்னு எல்லாம் மறைஞ்சுரும், கொஞ்ச நேரத்துல திரும்ப தெளிஞ்சு பாத்தா அடுத்த புளோக். வீட்டுக்குள்ள இருக்கவங்க மானத்த காப்பாத்தத்தான் அப்படி. சின்ன வயசுல அது தெளியுற வரைக்கும் நான் மூச்சு புடிச்சுக்கிட்டு இருப்பேன்.

---

மயிலாப்பூர்_கணேஷ் எழுதியது:

அருமை, நன்றி. எங்க ஊர்ல இது வந்தா நல்லாத்தான் இருக்கும், எங்க காலனிக்குள்ள டிரெயின் போனா எல்லாரும் உள்ளயே எட்டி பாப்பாங்க.

---

கிராஞ்சி_முத்து எழுதியது:

எனக்கு 71 வயசு, டைப் பண்ண நேரமாகும், பொறுத்துக்குங்க.

பத்தாங்கட்டைன்னு தம்பி போட்டிருக்கத பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. அந்த காலத்துல தபால் ஆபீஸ்லேர்ந்துதான் மைல் கணக்கு, இப்ப ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கே அந்த கட்டடம். அங்கேர்ந்து புக்கிட் தீமா ரோடு புடிச்சு வந்தா பத்தாவது மைல்ல ரோடு ரெண்டா பிரியும், நேரா போனா உட்லண்ட்ஸ், கடைசியில ஜோகூர் பாலம், இடது பக்கம் திரும்புனா சுவா சூ காங். அந்த முச்சந்திதான் பத்தாங்கட்டை. நம்மாளுங்க மட்டும் இல்ல எல்லா ஜாதி ஜனமும் கல்ல வச்சுத்தான் ஊர் பேர் சொல்லுவாங்க, இப்ப கோவான்னு சொல்ற எடத்த சீனப் பெரியவங்க இன்னும் ஆறாங்கல்லுன்னு அவங்க பாஷையில சொல்றத கேட்டிருக்கேன். 70கள்ல கிலோமீட்டர் வந்துச்சு, கல்ல எல்லாம் எடுத்துட்டாங்க.

அந்த முச்சந்திக்கு போர்க் கதையும் இருக்கு. 1942 பிப்ரவரி 10 ராத்திரி ஜப்பான்காரன் டாங்கி சுவா சூ காங் ரோடு வழியாத்தான் புக்கிட் பாஞ்சாங் கிராமத்துக்குள்ள நுழைஞ்சுது. அங்க நின்னது 12வது இந்திய பிரிகேட்ங்குற படைப்பிரிவு, இந்தியாவுலேர்ந்து வந்த சிப்பாய்ங்களும் ஸ்காட்லாந்து சிப்பாய்ங்களும். டாங்கிய நிறுத்துற அளவுக்கு அவங்களால முடியல. அஞ்சு நாள்ல, பிப்ரவரி 15, கொஞ்சம் தள்ளி இருக்குற ஃபோர்டு கார் ஃபேக்டரில வெள்ளைக்காரன் சரணடைஞ்சான். எங்கப்பா அப்ப ரயில்வே லைன்ஸ்ல சின்ன பையன், ராத்திரி பூரா தரை அதிர்ந்துச்சுன்னு சொல்லுவாரு, அவ்வளவுதான் சொல்லுவாரு, அதுக்கு மேல கேட்டா எழுந்து போயிருவாரு.

தம்பி, உங்க தாத்தா எந்த வருஷம் கேட்டுல இருந்தாருன்னு சொல்லுங்க. நான் பாத்திருக்கலாம். கேட் எறங்குனா ரெண்டு பக்கமும் லோரி வரிசையா நிக்கும், அந்த நேரத்துல கச்சான் (வேர்க்கடலை) விக்கிற ஒருத்தர் ஓடி ஓடி விப்பாரு.

---

பத்தாங்கட்டை_பேரன் எழுதியது:

முத்து ஐயா, தாத்தா 1974லேர்ந்து 1981 வரைக்கும் அங்க. ஒல்லியா உயரமா இருப்பாரு, காதுல கடுக்கன், எப்பவும் கழுத்துல ஒரு துண்டு.

நேர்பேச்சு அண்ணே சொன்னத ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டி கணக்கு, டிப்போ எடம், எல்லாம் நியாயம்தான். 2015 டிசம்பர்ல டவுன்டவுன் லைன் வந்து புக்கிட் பாஞ்சாங்லயே எம்ஆர்டி ஏறலாம்னு ஆனப்பவே பெரும்பாலானவங்களுக்கு சுவா சூ காங் போற வேலை பாதி குறைஞ்சிருச்சு, 2017ல ஹில்லியன் மாலும் அங்கயே வந்துச்சு, கூட்டம் பூரா அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. டென் மைல் ஜங்ஷன் தனியா விடுபட்டு போச்சு. ஸ்டேஷன திரும்ப திறங்கன்னு நான் கேக்கல.

நான் கேக்குறது பேரு. நல்லா கவனிச்சு பாருங்க. மால் பேரு ஜங்ஷன் 10. கொண்டோ பேரு டென்னரி. ரெண்டுலயும் பத்து இருக்கு, ஆனா எந்த பத்து? பத்து என்ன? சனங்க கண்ணுல படுற மாதிரி மைல்ங்கற வார்த்தை ஸ்டேஷன் பேர்லதான் மிச்சம் இருந்துச்சு. அது போனதும் பத்து வெறும் நம்பராயிருச்சு, கடை நம்பர் மாதிரி. என் மககிட்ட கேட்டேன் ஜங்ஷன் 10னு ஏன் பேரு வந்துச்சுன்னு, "பத்து ரோடு சேருதா"ங்குறா. அவ மேல தப்பு இல்ல.

அந்த ஊருக்கு பேரு மாத்துன கதையும் இருக்கு. 80கள்ல புது டவுன் கட்டுனப்ப ட்செங்ஹுவான்னு சீன உச்சரிப்புல வச்சாங்க, ஆளுங்க ஏத்துக்கல, திரும்ப புக்கிட் பாஞ்சாங்னு கொண்டு வந்தாங்க. அப்படி சனங்க கேட்டு ஒரு பேர காப்பாத்தின ஊரு அது. அதே ஊர்ல இந்த பேரு மட்டும் சத்தமில்லாம போனதுதான் எனக்கு தாங்கல. ஒரு பலகை, ஒரே ஒரு பலகை, இது பத்தாவது மைல், இங்க ரயில் கேட் இருந்துச்சு, இங்க ஒரு ஸ்டேஷன் இருந்துச்சுன்னு நாலு மொழியில வச்சா போதும்.

---

நேர்பேச்சு எழுதியது:

பலகைக்கு நானும் கையெழுத்து போடுறேன். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், புது வண்டிங்க 2024ல ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து ஏறி பாத்தேன். மூடுனதுக்கு ஒரு பலன் இருந்துச்சுன்னு மனசுக்கு பட்டுச்சு. உங்க தாத்தாவுக்கும் ஒரு கேட் மூடுறது புதுசு இல்லையே, வண்டி பத்திரமா போகணும்னா மூடத்தானே செய்யணும்.

---

பத்தாங்கட்டை_பேரன் எழுதியது:

அண்ணே அவரு மூடுனா திறப்பாரு.

---

செகார்_மீனா எழுதியது:

கடைசி நாள் யாரும் எழுதல, நான் எழுதுறேன். 2019 ஜனவரி 12, சனிக்கிழமை, பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி. அம்மாவ கூட்டிக்கிட்டு சாயந்திரம் போனேன். நான் நினைச்சதுக்கு மாறா நல்ல கூட்டம், கேமராவோட நிறைய பசங்க, ஸ்டேஷன் திறந்த காலத்துல கூட அவ்வளவு பேர நான் பாத்ததில்ல. ஒரு சீன தாத்தா பேரனை கையில புடிச்சுக்கிட்டு ஸ்டேஷன் பேர் பலகைக்கு கீழ நிக்க வச்சு படம் எடுத்தாரு, அம்மாவ பாத்துட்டு நீங்களும் நில்லுங்கன்னு சைகை காட்டி எங்க போன வாங்கி எடுத்து குடுத்தாரு. அம்மா வாக்கர தள்ளி வச்சுட்டு பலகைய ஒரு கையால தொட்டுக்கிட்டு நின்னாங்க. கோயில்ல தூண தொடுற மாதிரி.

திரும்பி வர்றப்ப ஃபஜார் வர வரைக்கும் ஒண்ணும் பேசல. எறங்குறப்ப மட்டும் "இனிமே கிளினிக்க மாத்திரலாம்டி"ன்னாங்க. மாத்திட்டோம். அவங்க போன வருஷம் காலமாயிட்டாங்க. அந்த படம் ஹால்ல மாட்டியிருக்கு, பின்னாடி டென் மைல் ஜங்ஷன்ங்குற எழுத்துல பாதி அவங்க தலை மறைச்சிருக்கு.

---

ரயில்பிரியன்85 எழுதியது:

அக்கா... என்ன சொல்றதுன்னு தெரியல. நானும் அன்னிக்கு அங்க இருந்தேன், கேமராவோட வந்த பசங்கள்ல நான் ஒருத்தன். என் படங்கள்ல தேடி பாக்குறேன், அம்மா இருந்தா அனுப்புறேன்.

---

கிராஞ்சி_முத்து எழுதியது:

தம்பி பேரன், கழுத்துல துண்டு போட்ட ஒல்லி ஆள் எனக்கு ஞாபகம் இருக்கு. பேரு தெரியாது. நான் அப்ப லோரி ஓட்டுனேன், மணல் லோடு. கேட் எறக்கிட்டு ரோட்டு நடுவுல பச்சைக் கொடிய சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு, ரயிலு வர்ற பக்கம் பாக்காம, எங்க பக்கம் பாத்து நிப்பாரு. எவனாவது குறுக்கால ஓடிருவான்னு. அவரா இருந்தா அவருதான்.

2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் போனப்ப நான் அந்த கேட்டுக்கிட்ட போய் நின்னேன், நூத்துக்கணக்குல சனம். ஜோகூர் சுல்தானே வண்டிய ஓட்டிக்கிட்டு போனாரு. கேட் கடைசி தடவ எறங்கி ஏறுச்சு. இப்ப அது ரயில் காரிடர், தண்டவாளம் இருந்த எடத்துல புல்லும் நடைபாதையும், உட்லண்ட்ஸ்லேர்ந்து தஞ்சோங் பகார் வரைக்கும் மொத்தம் 24 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி நடக்கலாம். நான் வாரத்துல மூணு நாள் அதுல ஒரு பகுதி நடக்குறேன்.

---

பத்தாங்கட்டை_பேரன் எழுதியது:

ஐயா, அவருதான். கொடிய கக்கத்துல வைக்கிறது அவரு பழக்கம், ரிட்டையர் ஆன பிறகு குடையையும் அப்படித்தான் வச்சுக்குவாரு. எங்கம்மாகிட்ட இத படிச்சு காட்டினேன்.

வர்ற ஞாயிறு நீங்க நடக்குறப்ப நானும் மகளும் வரலாமா? கேட் எங்க இருந்துச்சுன்னு அவளுக்கு நீங்களே காட்டணும். மீனா அக்கா, ரயில்பிரியன், நேர்பேச்சு அண்ணே, முடிஞ்சவங்க வாங்க. பலகை விஷயத்தையும் அங்கயே பேசிக்கலாம்.

---

கிராஞ்சி_முத்து எழுதியது:

வாங்க. காலைல ஏழு மணி, வெயில் ஏறுறதுக்குள்ள. சுவா சூ காங் ரோட்டு பக்கம் நிப்பேன், நீல தொப்பி. பாப்பாவுக்கு கச்சான் வாங்கிட்டு வர்றேன்.

---

நேர்பேச்சு எழுதியது:

நானும் வர்றேன். பெட்டிர்லேர்ந்து எல்ஆர்டிலதான்.